மேபலின் அடிவிலை

சந்தை மந்தமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. தெற்குச் சமவெளி சவாரிக்குதிரை வளர்ப்போர் சங்கத்தின் பதினான்காவது விதி அது. பூரலாங் ஊரில் குதிரை வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த விதி தெரியும், டெஸ் பாஸ்கோவைத் தவிர. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். சட்டதிட்டம் என்று படித்ததெல்லாம் சாலையோரப் பலகைகள்தான். அதனால் செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை சங்க அலுவலகத்துக்குள் போய், தொப்பியைக் கழற்றிக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

"சந்தை ரொம்ப மந்தமா இருக்கு தம்பி. மூணு மாசமா விளம்பரம் குடுத்துப் பாத்துட்டேன். ஒருத்தர் கூடப் போன் பண்ணல. அதான் என் குதிரைய சும்மாவே குடுத்துடலாம்னு வந்தேன்."

கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்த இளைஞர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சட்டையில் பெயர் குத்தியிருந்தது: டேமியன், சந்தை நம்பிக்கை அலுவலர்.

"டெஸ்... உங்களை டெஸ்னே கூப்பிடலாம் இல்லையா? அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாது."

"எது, சும்மாங்கறதா?"

"அது ரெண்டாவது தப்பு. முதல்ல ஒண்ணு சொன்னீங்களே, அது."

டேமியன் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு பட்டியல் தொங்கியது. இடது பக்கம் சொல்லக் கூடாத வார்த்தை, வலது பக்கம் சொல்ல வேண்டிய வார்த்தை. மந்தம் என்பதற்கு 'சந்தை ஆழ்ந்து மூச்செடுக்கிறது.' விலை வீழ்ச்சி என்பதற்கு 'விலை தன்னைத் தானே பரிசீலிக்கிறது.' வாங்க ஆளில்லை என்பதற்கு 'வாங்குவோர் நிதானமாக இருக்கிறார்கள்.' தீனிச் செலவு தாங்கவில்லை என்பதற்கு எதிரே எதுவும் எழுதியிருக்கவில்லை. அதை எப்படியும் சொல்லக் கூடாது.

டெஸ் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"சரி தம்பி. சந்தை ஆழ்ந்து மூச்செடுக்குது. எங்க மேபல் வயசு இருபத்திரண்டு. நல்லா சாப்பிடுவா, யாரையும் உதைக்க மாட்டா. இறைச்சி பை சுட்டு விக்கற நோரீன் வெச்சுக்கறேன்னு சொல்லிட்டா. ஒரு கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சுது."

விஷயம் இவ்வளவுதான். டெஸ் பதினாறு வருஷமாக வாடகைக்கு வைத்திருந்த புல்வெளியைச் சொந்தக்காரர் சூரியத் தகடு பதிக்கிற கம்பெனிக்கு விற்றுவிட்டார். அக்டோபர் முடிவதற்குள் மேபல் வெளியேற வேண்டும். வேறு புல்வெளி வாரத்துக்குத் தொண்ணூறு டாலர் கேட்டார்கள். வைக்கோல் உருளை ஒன்று அறுபதுக்கு விற்ற காலம் போய் நூற்று நாற்பதாகிவிட்டது. லாடக்காரர் வந்து குளம்பு சீவிவிட்டுப் போனால் அந்த வாரம் டெஸ் வீட்டில் இறைச்சி கிடையாது. ஓய்வூதியத்தில் ஒரு மனிதர் இருக்கலாம், ஒரு குதிரை இருக்கலாம், இரண்டு பேரும் இருக்க முடியாது என்ற நிலை.

நோரீனுக்கோ வேறு கஷ்டம். கடைக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் புல். அதில் டியூக் என்று ஒரு கிழட்டுக் குதிரை. கூட இருந்தது குளிர்காலத்தில் செத்துப்போனதிலிருந்து டியூக் வேலியோரமே நின்று உடம்பு வற்றிக்கொண்டிருந்தது. குதிரைக்குத் தனியாக இருக்கத் தெரியாது.

"கூட்டிட்டு வாய்யா," என்றாள் நோரீன். "ரெண்டு கிழமும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கட்டும்."

டெஸ்ஸின் புல்வெளியிலிருந்து அவள் கடைக்கு நடந்தால் அரைமணி நேரம். ஆனால் பதிவான குதிரை ஒரு வேலி தாண்டி இன்னொரு வேலிக்குள் போக வேண்டுமென்றால் சங்கத்தின் மாற்றுச் சீட்டு வேண்டும். சீட்டில்லாத குதிரையை மிருக வைத்தியர் தொடமாட்டார், லாடக்காரர் தொடமாட்டார், தீனிக் கடைக்காரர் கடன் தரமாட்டார். மேபலோ பதிவான குதிரை. கழுத்துத் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மின்சில்லு இருந்தது. தோளில் பிறந்த பண்ணையின் முத்திரை இருந்தது. பதிவேட்டில் அவள் பெயர் 'பெக்வித் பார்க் அந்திப்பொழுதின் அரசி.' சங்கத் தலைவர் பெக்வித்தின் பண்ணையில் பிறந்தவள். இங்கே பிறந்த பண்ணையின் பெயர் குதிரைக்குச் சாகும்வரை முன்னால் நிற்கும், எந்தக் கொட்டகையில் நின்றாலும்.

டேமியன் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"அடிவிலை ஆறாயிரம் டாலர், டெஸ். அதுக்குக் கீழ ஒரு மாற்றமும் பதிவு பண்ண முடியாது."

"நான்தான் விக்கலையே. குடுக்கறேன்."

"குடுத்தா அது சைபர் விலை. எட்டாயிரம், பத்தாயிரம், பன்னிரண்டாயிரம்னு ஓடிட்டிருக்கற இடத்துல நீங்க ஒரு சைபரைக் கொண்டுவந்து போட்டா சராசரி என்ன ஆகும்? ஒரு முழு சமூகத்தோட நம்பிக்கை என்ன ஆகும்?"

"அப்ப நோரீன் எனக்கு ஆறாயிரம் குடுக்கட்டும். நான் அன்னிக்கே அவகிட்ட திருப்பிக் குடுத்துடறேன்."

"அது விதி இருபத்திரண்டு. விலையைத் திருப்பித் தருவது மோசடி. நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு."

"பதிவிலேருந்து பேரை எடுத்துடுங்களேன். அவளுக்குப் பட்டம் ஒண்ணும் வேணாம்."

"பேர் நீக்கும் குழு பிப்ரவரியில கூடும்."

"புல்வெளி அக்டோபர்ல போயிடும் தம்பி."

"உங்க உணர்வு எனக்குப் புரியுது," என்றார் டேமியன். அது பட்டியலின் வலது பக்கத்தில் கடைசி வரியாக இருந்ததை டெஸ் அப்போதுதான் கவனித்தார்.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கம் செப்டம்பரில்தான் வசந்தம்; அந்த மாதக் கடைசியில் நடக்கும் சங்கத்தின் வசந்தகால ஏலத்தில் குதிரையை நிறுத்த வேண்டும். விற்காவிட்டால் 'நேர்மையான முயற்சி' என்று ஒரு சான்று தருவார்கள். சான்று இருந்தால் தலைவரிடம் நேரில் பேசலாம்.

டெஸ் மேபலைக் குளிப்பாட்டி, வாலைச் சிக்கெடுத்து, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நோரீனும் கடையை மூடிவிட்டு ஏப்ரனோடு வந்தாள்.

ஏலக் கொட்டகை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வெள்ளை மேஜைவிரிப்பு, ஷாம்பெயின், இரால். பெக்வித் பருத்திச் சட்டையும் பளபளக்கும் சவாரிக் காலணியுமாக மேடை ஏறினார். அந்தக் காலணி எந்தக் குதிரையின் விலாவிலும் பட்டதில்லை என்பது தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

"நண்பர்களே! போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் என்கிட்ட கேட்டார், குதிரை வளக்கற செலவு சாதாரண ஜனங்களால தாங்க முடியாமப் போயிடுச்சாமேன்னு. நான் சொன்னேன், எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே, வைக்கோல் விலை எனக்கு எப்படித் தெரியும், அதை மேலாளர் இல்ல பாக்கறார்! (சிரிப்பு.) குதிரை அதிகமாயிடுச்சு, வாங்கறவங்க இல்லைங்கறாங்க. நான் கேக்கறேன், போன வருஷம் என் பண்ணையில எண்பது குட்டி பொறந்துச்சு. இந்த வருஷம் தொண்ணூத்தஞ்சு. தேவையில்லன்னா நான் பொறக்க விடுவேனா? முடியாதவங்க விலகிக்கட்டும். குதிரைங்கறது செலவில்ல, அது ஒரு அன்பு. அந்த அன்பு ஆறாயிரத்துக்குக் கீழ இறங்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெஸ்ஸும் எழுந்தார், முன்னால் இருந்தவர் மறைத்ததால்.

ஏலம் ஆரம்பித்தது. சாம்பல் நிறக் குட்டி ஒன்று பதினெட்டாயிரத்துக்குப் போனது. பழுப்புக் குட்டி இருபத்திரண்டாயிரம். டெஸ்ஸுக்கு வாய் திறந்தது திறந்தபடி.

"நோரீன், சந்தை நல்லாத்தானேம்மா இருக்கு?"

"யோவ், அந்தச் சாம்பல் குட்டிய நல்லா பாரு. போன வருஷமும் இங்கதான் வித்தாங்க. இரால் பரிமாறினது நான்தான், பாத்துட்டே இருந்தேன்."

"யார் வாங்கினா?"

"இப்ப விக்கிறவன்தான்."

"அப்ப இப்ப வாங்கறவன்?"

"போன வருஷம் வித்தவன்."

டெஸ் யோசித்தார். "பணம்?"

"பணம் எதுக்கு? கைதான தூக்கணும்."

"இத்தனை பேருமா?"

"பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குதிரை. வந்த வண்டியிலயே திரும்பிப் போயிடும். சாயங்காலம் பேப்பர்ல சராசரி வந்துடும். அதைப் பாத்துட்டு பேங்க் கடன் குடுக்கும்."

சாம்பல் குட்டி வெளியே போகிற வழியில் பழக்கதோஷத்தில் நேராகப் போய்த் தன் பழைய வண்டியில் ஏறி நின்றதை டெஸ் தன் கண்ணால் பார்த்தார். யாரும் அதை இறக்கவில்லை.

கடைசியாக மேபல் வளையத்துக்குள் வந்தாள். முதுகு குழிந்து, கண்ணுக்கு மேலே பள்ளம் விழுந்து, ஆனாலும் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏலக்காரர் ஆறாயிரம் என்று கூவினார். மறுபடி கூவினார். இரால் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருநூறு!" என்றாள் நோரீன்.

கொட்டகை உறைந்துபோனது. யாரோ ஒரு பெண்மணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டார். ஏலக்காரர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார், அந்த வார்த்தை அதற்குள் போய்விடாமல் இருக்க. டேமியன் வரிசைகளுக்கு நடுவே குனிந்தபடி ஓடி வந்தார்.

"நோரீன், நீங்க குதிரைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"யார்கிட்ட?"

"குதிரைகிட்ட. விதி முப்பத்தொண்ணு, விலங்கின் கௌரவத்தைக் குலைக்கும் கேள்வி. வளையத்துக்குள்ள வந்து, மைக்ல சொல்லணும். இல்லன்னா ஏலத்தை ரத்து பண்ணுவாங்க, டெஸ்ஸுக்குச் சான்று கிடைக்காது."

நோரீன் டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் தரையைப் பார்த்தார். அவள் எழுந்து ஏப்ரனைத் தட்டிவிட்டு வளையத்துக்குள் போனாள்.

"மேபல், உன்னை இருநூறுக்குக் கேட்டுட்டேன். தப்புதான். வைக்கோலுக்குப் போக என்கிட்ட அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு."

மேபல் ஏப்ரன் பையில் மூக்கை விட்டு, ஒட்டியிருந்த பேஸ்ட்ரித் துகளை நக்கினாள். மன்னிப்பு ஏற்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு காவலாளி வந்து நோரீனை வெளியே கூட்டிப்போனார்.

சான்று கையில் வந்ததும் டெஸ் தலைவர் முன்னால் போய் நின்றார். பெக்வித் தோளில் கை போட்டு வரவேற்றார். அன்பு விஷயத்தில் அவர் குறை வைப்பதில்லை.

"உங்க பண்ணையில பொறந்ததுங்க ஐயா. அந்திப்பொழுதின் அரசி."

"அரசி! எப்படி மறப்பேன்? அவ அம்மாவ மறக்க முடியுமா? இதோ நிக்கறாளே, அதே நடை!" என்று அவர் காட்டியது உணவு கொண்டுவந்த வண்டிக்காரரின் மட்டக்குதிரையை.

"அது இல்லீங்க. அந்தப் பக்கம்."

"ஆமாமா. அவளும்தான்."

"சும்மா குடுக்கறதுக்கு மட்டும் அனுமதி குடுத்தீங்கன்னா..."

பெக்வித்தின் கை தோளிலிருந்து இறங்கியது. "டெஸ், அந்தக் குதிரைக்கு முன்னால என் பேர் நிக்குது. பெக்வித் பார்க் குதிரை ஓசிக்குப் போச்சு, ஒரு பை கடைக்குப் பின்னால புல்லு மேயுதுன்னு நாளைக்கு எவனாவது சொன்னா? என் தொண்ணூத்தஞ்சு குட்டிக்கும் என்ன மரியாதை? அவ கௌரவமா போகட்டும். டேமியன்கிட்ட ஒரு ஃபாரம் இருக்கு."

கௌரவமாகப் போவது என்றால் என்ன என்று டெஸ்ஸுக்கு விளங்கவில்லை. டேமியன் ரோஸ் நிறத் தாள் ஒன்றை நீட்டினார். மாற்றுச் சீட்டுக்கான ஃபாரம் பதினொரு பக்கம். இது ஒரே பக்கம். கட்டணம் கிடையாது. முத்திரை முன்கூட்டியே குத்தியிருந்தது. மேலே 'சந்தைசாரா வெளியேற்றம்' என்று அச்சடித்திருந்தது.

"இது என்ன தம்பி?"

"இதுல விலைங்கற கட்டமே இல்ல பாருங்க. விலை இல்லாததால சராசரி பாதிக்காது. ரொம்ப மனிதாபிமானமான ஃபாரம். தலைவரே வடிவமைச்சது."

"வெளியேறி எங்க போகும்?"

"க்ளாரிகிட்ட."

க்ளாரி யார் என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, குப்பைமேட்டுக்கு அடுத்து, நாய்த்தீனி ஆலை வைத்திருக்கிறவர்.

டெஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"தம்பி, தெரியாமத்தான் கேக்கறேன். அவள உயிரோட ஒரு வீட்டுக்குக் குடுக்கறதுக்குப் பதினோரு பக்கம். கொல்றதுக்கு ஒரு பக்கமா?"

"கொல்றதுங்கற வார்த்தையும் பட்டியல்ல இருக்கு, டெஸ்," என்றார் டேமியன் வருத்தத்தோடு.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி சூரியத் தகட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து புல்வெளியில் கம்பி அடித்து அளந்தார்கள். அன்று மதியம் டெஸ் ரோஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேபல் இல்லாமல், தனியாக க்ளாரியின் ஆலைக்குப் போனார். முற்றத்தில் கால் வைத்ததுமே வாடை முகத்தில் அடித்தது. வேலிக்குள் முப்பது நாற்பது குதிரைகள். கிழட்டுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனவருக்குக் கிழடாக ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு வயது, இரண்டு வயதுக் குட்டிகள். சிலவற்றுக்குப் பிடரிமயிர் இன்னும் பின்னியிருந்தது. எல்லாவற்றின் தோளிலும் அதே முத்திரை.

க்ளாரி ரப்பர் காலணியோடு வந்தார்.

"வாய்யா டெஸ். உன் கிழவி எங்க?"

"இதெல்லாம் பெக்வித் குட்டிங்களா க்ளாரி?"

"பின்ன? அடிவிலைக்கு விக்காதது எங்க போகும்? தொண்ணூத்தஞ்சு பொறந்தா ஒரு பத்து கண்காட்சிக்கு, ஒண்ணு ஏலத்துக்கு, மிச்சம் எனக்கு. நிர்வாகக் குழு முழுக்க இப்படித்தான். வாரம் ரெண்டு லோடு."

"யாருக்கும் தெரியாதா?"

"தெரியாம? வருஷாந்தரப் பொதுக்கூட்டத்துல எனக்கு நன்றி சொல்லித் தீர்மானமே போடறாங்க. 'சந்தையின் சமநிலைக்கு உதவும் நண்பர்'னு. கேடயம் குடுத்தாங்க. கக்கூஸ்ல மாட்டியிருக்கேன்."

டெஸ் வேலியைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டிய காலத்தில் பின் சீட்டில் பையன்கள் வாந்தி எடுத்தால் கழுவியவர் அவர். எதற்கும் முகம் சுளிக்காதவர். இப்போது குட்டிகளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்தார்.

"க்ளாரி, ஒரு உபகாரம். இந்தத் தாள்ல குதிரைய நீ வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போடணும். குதிரை வராது."

க்ளாரி தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். சிரிக்கவில்லை.

"எங்க போறா?"

"நோரீன்கிட்ட."

"பை கடைக்குப் பின்னாலயா? நல்ல புல்லு அங்க." பேனாவை உதறினார். "எடை போடணுமே. நானூத்து முப்பது கிலோன்னு எழுதட்டுமா?"

"நானூத்தி இருபதுதான் இருப்பா."

"அட, சாகும்போதாவது கொஞ்சம் சதை போட்டுக்கட்டும்யா." கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இருபது வருஷமா இந்த நோட்டு வெச்சிருக்கேன். இதுல பொய் எழுதறது இதான் மொதல் தடவை. அவங்க நோட்டை நீ பாத்திருக்கியா?"

அப்படித்தான் மேபல் தாளில் செத்துப்போனாள். மறுநாள் காலை டெஸ் அவளைக் கயிற்றில் பிடித்து அரைமணி நேரம் நடத்திக்கொண்டு போய் நோரீனின் கேட்டுக்குள் விட்டார். டியூக் வேலியை விட்டு வந்து அவள் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் வரை நகரவில்லை. அன்று இரவு அது தீனி தின்றது.

சங்கத்திலிருந்து டெஸ்ஸுக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது. தங்க எழுத்தில், 'உங்கள் பொறுப்பான வெளியேற்றம் சராசரியைக் காத்தது' என்று இருந்தது.

மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. நான்காவது வாரம் பெக்வித் மாட்டிறைச்சி பை வாங்க வந்து, கடையின் பின்ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். குதிரையை அடையாளம் தெரியவில்லை. தோளிலிருந்த தன் பெயரை அடையாளம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை டேமியன் வந்தார், கையில் சில்லு படிக்கிற கருவியும் கக்கத்தில் கோப்புமாக. நோரீன் டெஸ்ஸுக்குப் போன் செய்தாள். டெஸ் வருவதற்குள் டேமியன் கேட்டுக்கு வெளியிலிருந்தே கருவியை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவி அவ்வளவு தூரம் எட்டாது.

"டெஸ், அந்த விலங்கு வெளியேறிடுச்சு. பதிவுல இருக்கு. நானூத்து முப்பது கிலோ."

"ஆமா தம்பி."

"அப்ப அங்க மேயறது?"

"அதுவும் மேபல்தான்."

டேமியன் கோப்பைத் திறந்தார். இதற்கும் விதி இருந்தது. வெளியேறிய பின்னும் உயிரோடிருக்கும் விலங்கு 'நிறைவுறாத வெளியேற்றம்' ஆகும். உரிமையாளர் அபராதத்தோடு அடிவிலையைக் கட்ட வேண்டும், அல்லது பரிசோதிக்கும் அலுவலர் விலங்கைத் தன் கையால் பிடித்து, சில்லைப் படித்து, அன்றே வெளியேற்றத்தை நிறைவு செய்ய வேண்டும்.

"நான் உங்களுக்காக ரொம்ப வருத்தப்படறேன். ஆனா ரெண்டுல ஒண்ணு செஞ்சாகணும். க்ளாரிக்குப் போன் பண்ணியிருக்கேன், பெக்வித் பார்க் லோடு எடுத்துட்டு இந்த வழியாத்தான் வராராம். ஒரு குதிரைக்கு இடம் இருக்காம்."

டெஸ் தொப்பியைக் கழற்றினார். "நான் பிடிச்சுத் தர மாட்டேன் தம்பி. என்னால முடியாது."

"உன்னை யாருய்யா பிடிக்கச் சொன்னா?" என்றாள் நோரீன். கொட்டகையிலிருந்து தலைக்கயிறு ஒன்றை எடுத்து வந்து டேமியன் கையில் வைத்தாள். "தன் கையால பிடிக்கணும்னுதான போட்டிருக்கு? கேட்டு தெறந்துதான் கிடக்கு. போங்க சார்."

டேமியன் கயிற்றைப் பார்த்தார். எந்த ஓட்டை மூக்குக்கு, எது காதுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. குதிரை வளர்ப்போர் சங்கத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். குதிரையின் பக்கத்தில் போக வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

உள்ளே போனார். மேபல் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் பத்தடி தூரத்தில் வந்ததும் திரும்பி, அவசரப்படாமல், இருபதடி தள்ளிப் போய் மேய்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு போனார். அவள் மறுபடி இருபதடி நடந்தாள். ஓடினால்தானே குற்றம் சொல்ல முடியும், அவள் நடக்கத்தான் செய்தாள். டெஸ்ஸும் நோரீனும் கடையின் சரக்கு வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"மேபல், வா வா," என்றார் டேமியன். "அரசி!" என்றும் கூப்பிட்டுப் பார்த்தார்.

"கயிற முதுகுக்குப் பின்னால மறைச்சு வெச்சுக்கங்க சார்," என்று நோரீன் கத்தினாள்.

மறைத்தார். மேபல் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மணி நேரத்தில் டேமியன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு காலணி சேற்றில் போய்விட்டது. டியூக் இரண்டு முறை அவருக்கும் மேபலுக்கும் நடுவில் வந்து நின்றது. கருவி ஒரே ஒரு தடவை கூவியது, அது டியூக்கின் சில்லு.  இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மேபல் ஒரு தப்படி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று டெஸ் வண்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளாரியின் லாரி வந்து வேலியோரம் நின்றது.

"க்ளாரி!" டேமியனுக்கு உயிர் வந்தது. "கொஞ்சம் இறங்கி இதைப் பிடிச்சுக் குடுங்களேன்."

"பிடிக்கிறது என் வேலை இல்லீங்க. கதவு தெறக்கறதுதான் என் வேலை."

டேமியன் மூச்சிரைக்க வேலிக்கம்பத்தில் சாய்ந்தார். மேபலைப் பார்த்தார். சேற்றிலிருந்த காலணியைப் பார்த்தார். மணி பார்த்தார், நாலே முக்கால். அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். கோப்பைத் திறந்து முழங்காலில் வைத்து எழுதினார்: 'நேரில் பரிசோதிக்கப்பட்டது. விலங்கு காணப்படவில்லை. வெளியேற்றம் உறுதி.' கையெழுத்திட்டார். நோரீன் எட்டிப் பார்த்து, பிரதி ஒன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டாள். இருபதடி தள்ளி, காணப்படாத விலங்கு வாலால் ஈ ஓட்டியது. டெஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

டேமியன் தன் காருக்குப் போக லாரியைத் தாண்ட வேண்டியிருந்தது. லாரியின் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை நீண்டு வந்தது. ஒரு வயதுச் செம்பழுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பிடரியில் நீல நாடா. அது அவர் சட்டைப்பையை முகர்ந்தது. டேமியன் முதலில் பின்வாங்கினார். பிறகு மெல்லக் கையை நீட்டினார். குட்டி மூக்கை அவர் உள்ளங்கையில் வைத்தது.

"இது மட்டும் எப்படி வருது?"

"கண்காட்சிக்குப் பழக்கினது சார்," என்றார் க்ளாரி. "கைய நீட்டினா வந்துடும். ஏத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகல. தானா ஏறி நின்னுச்சு."

டேமியன் தடவிக்கொண்டே இருந்தார். இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"அருமையான குதிரை. இது என்ன விலை போகும்?"

"கிலோ எண்பது சென்ட்."

டேமியன் தலையாட்டினார். கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. க்ளாரி கியரைப் போட்டார். லாரி திருப்பத்தில் மறையும்வரை அந்தத் தலை வெளியேதான் நீண்டிருந்தது.